ஊட்டுவதா, ஒளித்து வைப்பதா, தட்டில் வைத்துவிட்டு விடுவதா?

எல்.கே.ஜி.யில் சேர்த்த முதல் வாரம் மகளின் சாப்பாட்டு டப்பா நான்கு நாட்களும் வைத்தது வைத்தபடியே திரும்பி வந்தது. உள்ளே மாதுளை முத்து தூவிய தயிர்சாதம். வீட்டில் அவள் முகம் சுளிக்காமல் சாப்பிடும் ஒரே சாதம் அதுதான். ஐந்தாம் நாள் பள்ளி ஆயம்மாவிடம் கேட்டேன். “டப்பாவைத் திறந்து முன்னால் வைத்தால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள் அம்மா. யாராவது ஊட்டுவார்கள் என்று பார்க்கிறாள்” என்றார்.

எந்தெந்தக் காயை ஒதுக்குகிறாள் என்பதுதான் பிரச்சினை என்று அதுவரை எண்ணியிருந்தேன். பசித்தால் கை தட்டுக்குப் போக வேண்டும் என்பதே மூன்றரை வயதுப் பிள்ளைக்குப் பழக்கமாகவில்லை என்பது அன்றுதான் உறைத்தது. சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் புழங்கும் மூன்று வழிகளையும் நாங்கள் முயன்று பார்த்துவிட்டோம். நான் மூன்றாவதன் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊட்டிவிடுவது எல்லோரும் அறிந்ததே. நிலா, காக்கை, பூச்சாண்டி என்று இருந்த இடத்தில் இப்போது கைபேசி. கிண்ணம் காலியாகும், எவ்வளவு உள்ளே போனது என்று தெரியும், வீட்டுப் பெரியவர்களுக்கும் நிம்மதி. காய்ச்சலில் துவண்டு கிடக்கும் பிள்ளைக்கு இன்றும் நான் ஊட்டத்தான் செய்கிறேன். ஆனால் வீடியோவில் கண் நிலைத்திருக்கும் பிள்ளை, வாய்க்குள் வருவது அவரைக்காயா உருளைக்கிழங்கா என்று பார்ப்பதே இல்லை. போதும் என்று வயிறு சொல்வதும் அதன் காதில் விழாது. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. எங்கள் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. மதியமும் இரவும் சேர்ந்தாலே கணக்கு தாண்டிவிடும்.

ஒளித்து வைப்பது இரண்டாவது. பீட்ரூட்டை அரைத்துத் தோசை மாவில், கீரையை அரைத்துச் சப்பாத்தி மாவில். சத்து போய்ச் சேர்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒளிந்திருக்கும் காயோடு பிள்ளைக்குப் பழக்கம் ஏற்படுவதில்லை. ஒருநாள் இட்லிக்குள் கீரை நார் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். பிறகு இரண்டு வாரம் இட்லியையே தொடவில்லை. “இது கீரைத் தோசை” என்று சொல்லிக் கொடுப்பதில் தவறே இல்லை. சொல்லாமல் கொடுப்பதைத்தான் விட்டுவிட்டேன்.

“இதைச் சாப்பிட்டால் சாக்லேட்” என்பதையும் கொஞ்ச நாள் செய்தோம். அமெரிக்க உளவியலாளர் லீயான் பர்ச்சும் உடன் ஆய்வாளர்களும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசு காட்டிக் குடிக்கவைத்த பானம் பிள்ளைகளுக்கு முன்பைவிடக் குறைவாகவே பிடித்துப்போனது. எங்கள் வீட்டில் சாக்லேட்டின் மதிப்பு ஏறியது, புடலங்காயின் மதிப்பு இறங்கியது.

மூன்றாவதுக்கு வருகிறேன். எலின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் சாப்பாட்டுப் பொறுப்பை இரண்டாகப் பிரித்தார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் முடிவு. படித்ததும் எனக்கு என் ஆச்சிதான் நினைவுக்கு வந்தாள். பெரிய சட்டியில் குழம்புச் சாதம் பிசைந்து, சுற்றி உட்கார்ந்த எங்கள் ஏழு பேரின் உள்ளங்கையிலும் உருண்டை உருண்டையாக வைப்பாள். கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி. குழிக்குள் கொஞ்சம் கூட்டு. யார் வாயிலும் அவள் திணித்ததில்லை. கை நீட்டாதவனைத் தாண்டி அடுத்த கைக்குப் போய்விடுவாள்.

மூன்று வேளைச் சாப்பாடு, மாலையில் ஒருமுறை பழமோ சுண்டலோ என்று வரையறுத்தோம். இடையில் தண்ணீர் மட்டும். நாளுக்கு நான்கு டம்ளராக இருந்த பாலை இரண்டாகக் குறைத்தோம். பாலே வயிற்றை அடைத்துக்கொண்டால் சோற்றுக்கு ஏது இடம், இரும்புச்சத்துதான் எங்கிருந்து வரும்? தட்டில் அவளுக்குப் பிடித்த ஒன்று கட்டாயம் இருக்கும். கூடவே அவள் ஒதுக்கும் காயில் ஒரே ஒரு துண்டு. எல்லோரும் ஒன்றாக உட்காருவோம். அரை மணி நேரம் கழித்துத் தட்டை எடுத்துவிடுவேன், கெஞ்சலும் இல்லை, திட்டும் இல்லை.

முதல் பத்து நாட்கள் கொடுமை. இரண்டு கைப்பிடியோடு எழுந்துவிடுவாள். “பிள்ளையின் வயிறு ஒட்டிக் கிடக்கிறது, உனக்கு மனசு கல்லா?” என்று அத்தை அழுதேவிட்டார். முதல் வயதில் ஆறு கிலோவுக்குமேல் ஏறும் குழந்தை, இரண்டு வயதுக்குப் பிறகு வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோதான் ஏறும். அதற்கேற்பப் பசியும் குறையும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை. இரண்டு மாதம் கழித்து மருத்துவரிடம் எடை பார்த்தபோது அது கூடியிருந்தது. அதன் பிறகுதான் அவர் என்னோடு பேச்சில் இயல்பானார்.

வெண்டைக்காய்க் கதையைச் சொல்ல வேண்டும். முதல் சில தடவை துண்டைத் தட்டுக்கு வெளியே தள்ளினாள். பிறகு விரலால் தொட்டு, “வழவழவென்று இருக்கிறது” என்று கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகொரு நாள் பிளந்து விதைகளை எண்ணினாள். நக்கிப் பார்த்துத் துப்பினாள். துப்ப ஒரு சின்னக் கிண்ணம் பக்கத்திலேயே வைத்திருந்தேன். புதிய உணவைப் பிள்ளை ஏற்க எட்டு முதல் பதினைந்து தடவை கண்ணில் படவும் ருசி பார்க்கவும் வேண்டியிருக்கலாம் என்பார்கள். சமையலறைக் காலண்டரில் நான் போட்ட பதினான்காவது புள்ளியன்று, அப்பாவின் தட்டிலிருந்து மொறுமொறுவென்று வதங்கிய ஒரு துண்டை எடுத்து மென்று விழுங்கினாள். நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்று, நான்கு தடவையிலேயே “இவளுக்குப் பிடிக்காது” என்று முடிவுகட்டியிருந்தால் அந்த நாள் வந்திருக்காது.

ஆனாலும் நான் சாய்ந்ததற்குக் காரணம் வெண்டைக்காய் அல்ல, அந்த டப்பாதான். ஊட்டும் வழி ஊட்டுகிறவர் இருக்கும்வரைதான். ஒளித்து வைக்கும் வழி நம் அடுக்களைக்கு வெளியே செல்லாது. பள்ளியிலும் கல்யாணப் பந்தியிலும் உறவினர் வீட்டிலும் பிள்ளை தன் கையை நம்பித்தான் உட்கார வேண்டியிருக்கிறது. கை பழகிவிட்டால் அங்கே இருப்பவர்களே பாதி வேலையைச் செய்துவிடுகிறார்கள். லீயான் பர்ச் 1980-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், தனக்குப் பிடிக்காத காயை விரும்பித் தின்னும் பிள்ளைகளோடு சில நாட்கள் உட்கார்ந்த குழந்தைகள் தாங்களும் அதை எடுக்கத் தொடங்கினார்கள். என் தங்கை அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-இல் வந்த பிறகு, முதல் வாரத்தில் கிச்சடியில் கேரட்டைப் பொறுக்கி ஓரம் வைத்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர், வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்தே பொறுக்குவதை மறந்துவிட்டதாகச் சொன்னாள். என் மகளின் டப்பா மூன்றாம் மாதம் பாதி காலியாக வந்தது. இப்போது பெரும்பாலும் கழுவ மட்டுமே வேண்டியிருக்கிறது.

இதற்கு வீடு முழுவதும் ஒத்துழைக்க வேண்டும். பதினொன்றரை மணிக்கு யாராவது ஒரு முறுக்கை நீட்டினால் அன்றைய மதியம் போயிற்று. தரை துடைக்கும் வேலையும் கூடும். என் அனுபவமும் ஒரு பிள்ளையோடு சரி. அவளும் பிறவியிலேயே நல்ல எடை. எடை இறங்கும் பிள்ளை, வாயில் வைத்தாலே ஓங்கரிக்கும் பிள்ளை, ஒரே நிறம் ஒரே பதம் தவிர எதையும் ஏற்காத பிள்ளை என்றால், எந்த வழியையும் வீட்டில் முயலும் முன் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, தானாகத் தின்னட்டும் என்று முழு நிலக்கடலையையும் முழுத் திராட்சையையும் தட்டில் போட்டுவிடாதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

பாகற்காயை இன்னும் தொடவில்லை. நேற்று இரவு அத்தை பருப்புச் சாதம் பிசைந்து, உருண்டையில் குழி வைத்து, குழியில் ஒரு பாகற்காய்ச் சில்லு வைத்துக் காத்திருந்தார். கை நீளவில்லை. அவர் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு அடுத்த உருண்டையைப் பிடித்தார்.