மானிட்டர் ஸ்பீக்கரை மூலையில் மாட்டச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

வீட்டு ஸ்டூடியோ அமைத்துத் தருவதாகச் சென்னையில் விளம்பரம் செய்யும் ஒருவரிடம் 38,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பெயரை எழுதப்போவதில்லை. வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

சாலிகிராமத்தில் வாடகை வீடு, பத்துக்குப் பத்து அறை. மிக்ஸிங்தான், அதாவது பாடலின் குரலையும் இசைக்கருவிகளையும் சரியான அளவில் கலப்பதுதான், என் பிழைப்பு. வந்தவர் கைபேசிச் செயலி ஒன்றைச் சிறிது நேரம் தூக்கிப் பிடித்துவிட்டு "அளந்தாயிற்று" என்றார். அளந்ததன் வரைபடம் கேட்டால் கிடையாது. இரண்டு யமஹா எச்எஸ்5 மானிட்டர் ஸ்பீக்கர்களையும் (மிக்ஸிங்கின்போது ஒலியை உள்ளபடி கேட்க உதவுபவை) தலைக்கு மேல், சுவரின் இரு மூலைகளில் பிராக்கெட் அடித்து மாட்டினார். "அப்போதுதான் பேஸ் நிறைய வரும் சார்!" நாற்காலியை அறையின் நட்டநடுவில் போட்டார். மூலைகளில் இரண்டு அங்குல நுரையை ஒட்டி, அதற்கு 'பேஸ் டிராப்' (தாழ் ஒலியை உறிஞ்சும் அமைப்பு) என்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார்.

பேஸ் நிறையத்தான் வந்தது, வரக்கூடாத இடத்தில். ஒரு சுவரை ஒட்டினாலே தாழ் ஒலி 6 டெசிபல் வரை கூடும். மூலையில் இன்னும் கூடும். பத்தடி நீள அறையில் 56 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ் ஒலி சுவர்களுக்கிடையே மோதி அலையாகக் கட்டி நிற்கும், அது கேட்காமல் போகும் இடம் சரியாக நடுவில் விழும். அறை சதுரமென்றால் நீளத்திலும் அகலத்திலும் ஒரே தொல்லை. நாற்காலியில் கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) கேட்காததால் அதைக் கூட்டினேன். குரலில் கசகசவென்று கேட்டதைக் குறைத்தேன். காரில் போட்டால் டிரம் இடித்தது, குரல் நூலாய் இளைத்திருந்தது. வாடிக்கையாளர் பாடலைத் திருப்பி அனுப்பினார். மாட்டியவரிடம் கேட்டதற்கு "காது பழகிவிடும் சார்" என்பதே பதில். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், அதை இரண்டு அங்குல நுரையால் பிடிப்பது வெள்ளத்தைக் கொசுவலை கட்டித் தடுப்பது போன்றது. சாதாரண பாலியூரித்தேன் நுரை தீப்பிடித்தால் நச்சுப்புகையோடு மளமளவென்று எரியும் என்பதையும் அவர் சொல்லவில்லை. பசை பெயர்த்த சுண்ணாம்புக்கு வீட்டுக்காரரிடம் வாங்கிய ஏச்சு தனிக்கணக்கு.

ஒலிப்பொறியாளரான நண்பர் அளவை மைக்கும் அறையின் ஒலியை அளக்கும் இலவச 'ரூம் ஈக்யூ விசார்ட்' மென்பொருளும் கொண்டுவந்து பார்த்தபோது 56 ஹெர்ட்ஸில் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. ஸ்பீக்கர்களை இறக்கி, ஒரு மீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணமாக என் தலையை நோக்கித் திருப்பி, ட்வீட்டர் (உச்ச ஒலி வரும் சிறு பகுதி) காதுமட்டத்தில் இருக்கும்படி ஸ்டாண்டில் வைத்தார். நாற்காலி முன்சுவரிலிருந்து மூன்றே முக்கால் அடிக்கு வந்தது. அறை நீளத்தில் 38 சதவீதம் என்பார்கள், நல்ல தொடக்கப்புள்ளி, வேதவாக்கு அல்ல. சுவரால் கூடும் தாழ் ஒலியைக் குறைக்க, ஸ்பீக்கரின் பின்புற ரூம் கண்ட்ரோல் சுவிட்சை மைனஸ் 2 டெசிபலுக்குத் தள்ளினார். மூலைகளுக்கு நான்கு அங்குல ராக்வூல் (பாறை இழை) பலகைகள். ஸ்டாண்டும் பலகைகளும் தவிர வேறு செலவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது" என்று மிரட்டினார். இது பொய். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது என்று அவர் தந்தது ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச்சீட்டு. 'சவுண்ட் செட்டப்' என்று ஒரே வரி. நல்லவேளை, பணத்தை வங்கி வழியாக அனுப்பியிருந்தேன்.

முன்பணம் கேட்பவரிடம், வேலைக்கு முன்னும் பின்னும் நாற்காலியில் எடுத்த அளவை வரைபடம் தருவாரா என்று எழுத்தில் கேளுங்கள். இவர் தரமாட்டார். என் அறையின் நுரைச்சுவர் படம் மட்டும் இன்னும் அவருடைய விளம்பரத்தில் இருக்கிறது. நீக்கச் சொல்லியும் நீக்கவில்லை.