மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட்: பாட்டைப் பிடித்துவிடும், ஆல்பத்தில்தான் தடுமாறும்

‘டிராக் 01’, ‘புதிய ஃபோல்டர்’ என்று ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கும் எம்பி3களுக்கு டேக் (பாட்டு, ஆல்பம், பாடகர் விவரம்) போட, காசில்லாமல் கிடைப்பதில் மியூசிக்பிரெயின்ஸ் என்ற இசைத் தகவல் தளத்தின் பிக்கார்ட் மென்பொருளைத்தான் முதலில் சொல்வோம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

ஸ்கேன் பட்டன் ஃபைல் பெயரை நம்புவதில்லை. பாட்டின் முதல் 120 விநாடியில் 12 சுரத்தானங்களில் எது எவ்வளவு ஒலிக்கிறது என்று கணக்கிட்டுக் கைரேகை எடுத்து, அக்கூஸ்ட்ஐடி தளத்தில் ஒப்பிடும். அதனால் 128 கேபிபிஎஸ் எம்பி3யும் ஃபிளாக்கும் ஒரே பாட்டாகவே சிக்கும். கேசட்டிலிருந்து ஏற்றியவைதான் வம்பு. டேப் 6% வேகமாக ஓடியிருந்தால் சுருதி அரைக் கட்டை ஏறி, ரேகையே மாறிவிடும். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் கொடுங்கள்.

ஆனால் தமிழ்ப் படப் பாட்டுக்காரர்களைப் படுத்துவது ஆல்பம். இளையராஜா பாட்டு ஒன்று படத்தின் ஆல்பத்திலும் இருக்கும், ‘ஹிட்ஸ்’ தொகுப்புகள் பலவற்றிலும் இருக்கும். எடுத்தவுடன் ஸ்கேன் கொடுத்தால் ஒரே படத்தின் ஐந்து பாட்டும் ஐந்து ஆல்பமாகச் சிதறும். ஆப்ஷன்ஸில் ‘ப்ரிஃபர்டு ரிலீசஸ்’ போய் கம்பைலேஷனை (தொகுப்பு ஆல்பம்) குறைத்து வையுங்கள். பிறகு படவாரியாக ஏற்றி க்ளஸ்டர் (ஆல்பமாகச் சேர்ப்பது), அடுத்து லுக்அப் (இருக்கும் டேகை வைத்துத் தேடுவது). மிஞ்சியதற்கு மட்டும் ஸ்கேன். விநாடிக்கு ஒரு கேள்விக்கு மேல் சர்வர் ஏற்காது; அதனால் இருநூறு, முந்நூறாகப் போடுவதே உத்தமம்.

வலப்பக்கம் பச்சை என்றால் பொருத்தம் நன்று. சிவப்பு என்றால் நீளத்தைப் பாருங்கள்: 4:32 இருக்க வேண்டியது 3:10 என்றால், பாதியில் அறுந்த ஃபைல். சின்னப் படங்களும் பக்திப் பாடல்களும் பல, மியூசிக்பிரெயின்ஸ் தளத்திலேயே இருக்காது. ஆல்பத்தை நீங்களே பதிந்து, ஃபைல்களை அதில் இழுத்துப் போட்டு, ரேகையையும் அனுப்பிவிட்டால் அடுத்தவருக்கு உடனே சிக்கும். ரேகை அனுப்ப அக்கூஸ்ட்ஐடியின் இலவச ஏபிஐ கீ (அனுமதிக் குறியீடு) வேண்டும்.

சேவ் கொடுத்தபின் அன்டூ கிடையாது! காப்பி எடுத்து வைத்துவிட்டு, முதல் சுற்றில் ‘ரீநேம்’, ‘மூவ்’ இரண்டையும் அணைத்தே வையுங்கள். கார் ஸ்டீரியோவில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாக வந்தால் ஐடி3 (எம்பி3க்குள் டேகை எழுதும் முறை) பதிப்பை 2.4இலிருந்து 2.3க்கு மாற்றிப் பாருங்கள். ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துருவே இல்லையென்றால் அதுவும் உதவாது.

சோகமா, குத்தா என்று கேட்டுப் பிரிக்க இதற்குத் தெரியாது. அந்த வேலையைச் செய்துவந்த அக்கூஸ்டிக்பிரெயின்ஸ் திட்டம் 2022இல் தரவு வாங்குவதை நிறுத்திவிட்டது. பிக்கார்ட் காட்டும் ஜானர் (பாட்டு வகை), மியூசிக்பிரெயின்ஸ் தளத்தில் பயனர்கள் இட்டது. தமிழ் ஆல்பங்களுக்கு அது பெரும்பாலும் காலி.