ஐகானா, எம்எஸ்சியா, டிஸ்னியா? கோவையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு கப்பல் அலசல்

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்து டிராவல்ஸ்காரர்கள் இப்போது துபாய், பாலியோடு க்ரூஸையும் சேர்த்தே விற்கிறார்கள். கம்பெனி தன் டீலர்களைக் கூட்டிப்போகும் டூராக இருந்தாலும் சரி, அப்பா அம்மாவின் மணிவிழாவுக்குப் பிள்ளைகள் ஏற்பாடு செய்யும் பயணமாக இருந்தாலும் சரி, "உலகத்துலயே பெரிய கப்பலுங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சில் மயங்க வேண்டியதில்லை. 2 லட்சம் டன்னைத் தாண்டிய கப்பல்கள் எல்லாவற்றிலும் சறுக்குமரம் உண்டு, நாடக அரங்கு உண்டு, ராத்திரி வரை சாப்பாடு உண்டு. எந்த ஊரிலிருந்து கிளம்புகிறது, கூட வருகிறவர்களின் வயது என்ன என்ற இரண்டு கேள்விதான் நமக்கு முக்கியம்.

முதலில் அளவை முடித்துவிடுவோம். இங்கே டன் என்பது எடை இல்லை, கப்பலின் உள்ளிட மொத்தக் கொள்ளளவைக் குறிக்கும் கணக்கு. ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் த சீஸ் 2,48,663 டன், நீளம் 365 மீட்டர். பின்லாந்தின் துர்க்கு நகரில் கட்டி, 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பியது. 2025-ல் வந்த ஸ்டார் ஆஃப் த சீஸ் அதன் உடன்பிறப்பு. அடுத்த படியில் அதே கம்பெனியின் ஒயாசிஸ் வகை. அதில் புதியது 2024-ல் வந்த யுடோபியா, சுமார் 2,36,000 டன். ஐரோப்பியக் கம்பெனியான எம்எஸ்சியின் வேர்ல்டு யூரோப்பா, வேர்ல்டு அமெரிக்கா இரண்டும் 2,16,000 டன்னை ஒட்டியவை. டிஸ்னி அட்வெஞ்சர் சுமார் 2,08,000 டன். ஒப்பிட்டுப் பார்க்க, சென்னையிலிருந்து 2022-ல் கிளம்பிய இந்தியக் கம்பெனி கொர்டேலியாவின் எம்பிரஸ் 48,563 டன். சின்னது என்று நினைக்க வேண்டாம், டைட்டானிக்கை விடக் கொஞ்சம் கூடுதல்! அந்த எம்பிரஸ் 1990-ல் ராயல் கரீபியனுக்காகவே கட்டப்பட்டது என்பதும், கட்டிய பிரான்சின் சேன் நசேர் தளத்தில்தான் யுடோபியாவும் எம்எஸ்சியின் இரண்டு கப்பலும் உருவாயின என்பதும் பலருக்குத் தெரியாது.

வேடிக்கை என்று பார்த்தால் ஐகானை மிஞ்ச ஆளில்லை. கேட்டகரி சிக்ஸ் என்ற நீர்ப்பூங்காவில் ஆறு சறுக்குகள். ஒன்றில் 46 அடி உயரத்திலிருந்து நேராகக் கீழே விழ வேண்டும், இன்னொன்றில் குடும்பமாக ரப்பர் படகில் உட்கார்ந்து வரலாம். எங்கள் சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, அதுக்கு மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் போனாப் போதாதுங்களா?" என்றார். சறுக்கு மட்டும் என்றால் அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அங்கே சறுக்கி முடித்து லிஃப்டில் இறங்கினால் பனிச்சறுக்கு அரங்கு இருக்கிறது, கப்பலின் முன்முனையில் கண்ணாடிக் கூரை போட்ட அக்வாடோமில் 55 அடி அருவியும் நீர் சாகச நிகழ்ச்சியும் இருக்கின்றன. நடுவில் திறந்த வானத்தின் கீழ் ஆயிரக்கணக்கான நிஜச் செடிகளோடு சென்ட்ரல் பார்க். இந்தப் பார்க்தான் எனக்குப் பிடித்தது. 2009-ல் முதல் ஒயாசிஸ் கப்பலில் வந்த யோசனை, இன்னும் வேறு யாராலும் ஒழுங்காகக் காப்பியடிக்க முடியவில்லை. சாயங்காலம் பெரியவர்கள் உட்கார்ந்து பேச இதைவிட நல்ல இடம் எந்தக் கப்பலிலும் இல்லை.

ஐகானிலேயே இருக்கும் கிரவுன்ஸ் எட்ஜ் வேறு ரகம். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கடலுக்கு 154 அடி மேலே பலகை விட்டுப் பலகை நடக்க வேண்டும். திடீரென்று காலுக்குக் கீழே பிடிமானம் போய்விடும். இதற்குத் தனிக் காசு. எம்எஸ்சி வேர்ல்டு அமெரிக்கா இதற்குப் போட்டியாகக் கிளிஃப்ஹேங்கர் என்ற ஊஞ்சலை வைத்திருக்கிறது, கடலிலிருந்து 50 மீட்டர் உயரத்தில் கப்பல் விளிம்புக்கு வெளியே ஆட்டும். எனக்கு ஊஞ்சல் போதும். கல்லூரிப் பையன்கள் கிரவுன்ஸ் எட்ஜைத்தான் கேட்பார்கள்.

எம்எஸ்சி கப்பல்களின் அழகு பின்பக்கத்தில் இருக்கிறது. ஒய் எழுத்து வடிவில் விரிந்த பின்பகுதியில் திறந்த நடைபாதை, அதன் நடுவில் 11 தளம் இறங்கும் சுருள் சறுக்கு. இது தண்ணீர் இல்லாத சறுக்கு என்பதால் வேட்டி, சேலைக்காரர்கள் தவிர யாரும் மாற்று உடை தேடாமல் இறங்கலாம். ஐகானில் பத்து விஷயம் ஒரே நேரத்தில் கூவி அழைக்கும். இங்கே அந்தச் சத்தம் குறைவு. வேர்ல்டு யூரோப்பா மத்தியதரைக் கடலில் ஓடும்போது ஜெனோவா, நேப்பிள்ஸ், மார்செய், பார்சிலோனா மாதிரி ஊர்களைத் தொடும். காலையில் இறங்கி நேப்பிள்ஸ் பக்கத்தில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய பொம்பெயி நகரைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கு வந்துவிடலாம். ஊர் பார்க்கும் ஆசையுள்ள வாத்தியார் குடும்பத்துக்கு நான் ஐகானைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். ஐகான் போகும் கரீபியன் தீவுகளில் பெரும்பாலும் கடற்கரையும் கடைத்தெருவும்தான்.

இனி டிஸ்னி அட்வெஞ்சர். இதன் கதையே சுவாரசியம். ஜெர்மனியின் விஸ்மாரில் ஆசிய நிறுவனம் ஒன்றுக்காகக் கட்டிக்கொண்டிருந்தபோது 2022-ல் கப்பல் கட்டும் தளமே திவாலாகி, பாதியில் நின்ற கப்பலை டிஸ்னி வாங்கிக்கொண்டது. 2025 டிசம்பரில் கிளம்ப வேண்டியது 2026 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. இருப்பிடம் சிங்கப்பூர். நம் பக்கத்துக்கு இதுதான் பெரிய செய்தி, ஏனென்றால் பீளமேட்டில் ஏறினால் நேராகச் சிங்கப்பூர். ஐகானுக்குப் போக அமெரிக்க விசா வேண்டும், இரண்டு விமானம் மாற வேண்டும், மியாமிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாட்டிக்குக் கால் வீங்கிவிடும்.

டிஸ்னியில் மார்வெல் பகுதியில் 250 மீட்டர் நீள ரோலர் கோஸ்டர் ஓடுகிறது. மிக்கி, எல்சா, அயர்ன்மேன் எல்லோரும் நேரில் வருவார்கள். சூதாட்ட அரங்கு கிடையாது, அது சில வீடுகளில் பெரிய நிம்மதி. குறை என்னவென்றால் மூன்று, நான்கு இரவு முழுக்கக் கடலிலேயே சுற்றிவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பும், வேறு துறைமுகம் கிடையாது. பத்து வயதுக்குள் குழந்தை இருந்தால் யோசிக்க வேண்டாம். வளர்ந்தவர்கள் மட்டும் என்றால் இரண்டாவது நாளே சலிக்கும் என்று நினைக்கிறேன்.

ஐகானுக்காகவே அமெரிக்கா போவது எனக்கு அதிகமாகப் படுகிறது. பையனோ பெண்ணோ டல்லாஸிலோ அட்லாண்டாவிலோ இருந்து, விசாவும் ஏற்கனவே பாஸ்போர்ட்டில் இருந்தால் கணக்கு மாறும். அப்போது ஐகானை விட வேண்டாம். ஐகானுக்கு வேண்டிய ஏழு நாள் லீவு அவர்களுக்குக் கிடைக்கவில்லையா? புளோரிடாவின் போர்ட் கனாவரலில் கிளம்பும் யுடோபியா மூன்று, நான்கு இரவுப் பயணம். சென்ட்ரல் பார்க் அதிலும் உண்டு.

செலவில் மாட்டுகிற இடங்கள் எல்லாக் கப்பலிலும் ஒன்றுதான். பெரிய சாப்பாட்டுக் கூடமும் பஃபேயும் டிக்கெட்டுக்குள் அடங்கும். சிறப்பு உணவகம், மது, வைஃபை தனி. ராயல் கரீபியனில் பணியாளர் டிப்ஸாக மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 18 டாலருக்குக் குறையாமல் போகும். நாலு பேர் ஏழு இரவு என்றால் 500 டாலரைத் தாண்டிவிடும், ஏஜென்ட் சொல்லும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புரட்டாசியில் போகிறவர்கள் சைவச் சாப்பாட்டைப் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். விசாவைப் பலமுறை நுழையும்படி எடுக்கச் சொல்லுங்கள், கப்பல் திரும்பி வருவதும் நாட்டுக்குள் நுழைவதுதான்.

அறையைப் பொறுத்தவரை, தலைசுற்றல் உள்ளவர்களுக்கு நடுப்பகுதியில் கீழ்த்தளம் நல்லது. ஐகானிலும் ஒயாசிஸ் வகையிலும் சென்ட்ரல் பார்க்கைப் பார்த்த பால்கனி அறைகள் உண்டு, கடல் தெரியாது என்பதால் விலை பெரும்பாலும் குறைவு. கடலே இல்லாத ஊரிலிருந்து போகிறவர்கள் அதை எடுப்பதில் எனக்கு மனமில்லை. அப்புறம் அந்தச் சறுக்குகள்: துறைமுகத்தில் நிற்கும் நாளில் முக்கால்வாசிப் பேர் இறங்கிவிடுவார்கள், வரிசையே இருக்காது. டிஸ்னியில் அப்படி ஒரு நாள் கிடையாது, அங்கே காலையில் முதல் ஆளாக எழுந்து போக வேண்டியதுதான்.