புக்கெட்ல கடலோர காண்டோ: கேரண்டி வாடகை முடிஞ்சப்புறம் கைக்கு என்ன வருது

2022 ஜூன்ல தாய்லாந்துல புக்கெட் பாங் தாவ் பீச் பக்கம் ஒரு காண்டோ, அதாவது அடுக்குமாடி ஃபிளாட், வாங்குனேன். 36 சதுர மீட்டர், ஒரு பெட்ரூம், 48 லட்சம் பாத், அப்போ ஒரு பாத் ரெண்டேகால் ரூபா கிட்ட இருந்துச்சு, அதனால நம்ம காசுல ஒரு கோடியே எட்டு லட்சம்னு வச்சுக்கோங்க. வித்தவங்களே வாடகைக்கும் விட்டுத் தர்றாங்க, அந்த சர்வீஸ் பத்திதான் இந்த ரிவ்யூ. கம்பெனி பேரு போடல, ஏன்னா என் வீட்டு சாவி இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். வாங்குற வேலைல ஒரு குறையும் இல்ல. தாய்லாந்துல வெளிநாட்டுக்காரன் பேர்ல நிலம் வாங்க முடியாது, காண்டோன்னா முடியும், ஆனா ஒரு பில்டிங்கோட மொத்த பரப்புல 49 சதவீதம் வரைக்கும்தான் நம்ம மாதிரி ஆளுங்களுக்கு. எனக்குக் காட்டுன யூனிட் அந்த கோட்டாலதான் இருக்குங்கறதுக்கு பேப்பரை முதல் நாளே காட்டிட்டாங்க. வில்லா பாக்கலாமான்னு வீட்டம்மா கேட்டதுக்கு, அது 30 வருஷ லீஸ்தான் சார், அதுக்கப்புறம் ரெண்டு தடவை புதுப்பிச்சுத் தர்றோம்னு சொல்றதெல்லாம் வாய் வார்த்தைன்னு அந்த சேல்ஸ் பையனே சொன்னான், அதுலதான் அவனை நம்பிட்டேன். பணம் வெளிநாட்டு கரன்சியாவே தாய்லாந்து பேங்குக்குப் போகணும், அங்கதான் பாத்தா மாத்தணும், அதுக்கு பேங்க் தர்ற எஃப்இடி ஃபார்ம் இல்லாம லேண்ட் ஆபீஸ்ல ரிஜிஸ்டர் ஆகாது. டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் 2 சதவீதம், வித்தவங்களும் நானும் ஆளுக்குப் பாதி. இங்க நம்ம பக்கம் எல்ஆர்எஸ்ல, அதாவது வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புற ரிசர்வ் பேங்க் ஸ்கீம்ல, ஒரு ஆளுக்கு வருஷம் 2,50,000 டாலர் வரைக்கும் அனுப்பலாம், நான் அனுப்புனப்போ 7 லட்சத்துக்கு மேல 5 சதவீதம் டிசிஎஸ்னு முன்கூட்டியே வரி பிடிச்சாங்க, 2023 அக்டோபர்ல இருந்து அது 20 ஆயிடுச்சு. இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம்தான், ஆனா அதுவரைக்கும் காசு அங்க தூங்கும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வருஷம் 6 சதவீதம் கேரண்டி வாடகைன்னு சொல்லித்தான் வித்தாங்க. வருஷம் 2,88,000 பாத், அதுல 15 சதவீதம் டாக்ஸ் பிடிச்சுட்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை சொன்ன தேதில வந்துச்சு, ஒரு நாள் கூட லேட் இல்ல. நானும் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன். அப்புறம் ஒருநாள் அதே பில்டிங்ல, அதே சைஸ்ல, எனக்கு ஒரு மாடி கீழ ஒரு யூனிட் ரீசேலுக்கு வந்துச்சு, கேரண்டி எதுவும் கிடையாது, விலை 41 லட்சம். என்கிட்ட 7 லட்சம் கூட வாங்கிட்டு ரெண்டு வருஷத்துல 5,76,000 திருப்பிக் குடுத்திருக்காங்க, அதுலயும் டாக்ஸ் போக! என் காசை எனக்கே தவணைல குடுத்துட்டு அதுக்கு வாடகைன்னு பேரு வச்சிருக்காங்க, நானும் தேங்க்யூன்னு ரிப்ளை போட்டிருக்கேன்.

மூணாவது வருஷம் கேரண்டி போச்சு, ரென்டல் பூல்தான், அதாவது கம்பெனியே ஆள் பிடிச்சு வாடகைக்கு விட்டு, வர்றதைப் பங்கு போட்டுக்கறது. வர்ற வாடகைல செலவு போக 60 எனக்கு 40 அவங்களுக்கு. விக்கறப்போ காட்டுன ஷீட்ல வருஷம் முழுக்க 75 சதவீதம் ரூம் நிறையும்னு போட்டிருந்துச்சு. ஜனவரில 28 நாள் நிறைஞ்சுதுதான், செப்டம்பர்ல 11 நாள். என் பங்கு 1,31,000, டாக்ஸ் போக 1,11,350, மெயின்டனன்ஸ் சதுர மீட்டருக்கு மாசம் 60 பாத்துன்னு வருஷம் 25,920, கடைசில கைக்கு வந்தது 85,430 பாத். நான் போட்ட காசுக்கு 2 சதவீதம் கூட தேறல, இதுக்கு எதிர்வீட்டு மாமா மாதிரி பேங்க்ல எஃப்டி போட்டுட்டு பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருக்கலாம். பாத் இப்போ ரெண்டரை ரூபாயத் தாண்டிடுச்சு, அந்த ஒண்ணுலதான் கொஞ்சம் மானம் தப்பிச்சுது, அதுல கம்பெனிக்கு ஒரு பங்கும் இல்ல.

ஓனருக்கு வருஷம் 30 நாள் ஃப்ரீ ஸ்டே உண்டு, டிசம்பர் 20ல இருந்து ஜனவரி 10 வரைக்கும் மட்டும் கிடையாது, அதாவது நமக்கு லீவு இருக்கறப்போ கிடையாது. சரின்னு செப்டம்பர்ல போனோம். மே டு அக்டோபர் அங்க மழை சீசன், பீச்ல சிவப்புக் கொடி, கடல்ல கால் வைக்க விடமாட்டாங்க. பால்கனி கண்ணாடிக் கதவு ஓடுற பள்ளத்துல தண்ணி தேங்கி நிக்குது, ஏசி போட்டதும் ஈரத்துணி நாத்தம், வெளில இருக்கற ஏசி பெட்டி உப்புக்காத்துல துருவேறி கைய வச்சா பொடியா உதிருது. சோபால உள்ளங்கை அளவுக்கு காபிக் கறை, அதை மறைக்க மேல ஒரு குஷன். ஆனா ஸ்டேட்மென்ட்ல மாசாமாசம் டீப் கிளீனிங் சார்ஜ் இருக்கு. போட்டோ எடுத்து அனுப்புனேன், "நோட்டட் வித் தேங்க்ஸ்"னு வந்துச்சு. சீ வியூன்னு சொன்னது பொய்யில்ல, பால்கனி இடது மூலைல நின்னு கழுத்த நீட்டுனா தெரியும்.

பூல்ல இருந்து வெளிய வந்து நானே ஏர்பிஎன்பில போட்டுக்கலாமான்னு பாத்தேன். 30 நாளுக்குக் குறைஞ்ச வாடகைன்னா 2004 ஹோட்டல் சட்டத்துல லைசென்ஸ் வேணும், பில்டிங்குக்கு இருக்கற லைசென்ஸ் கம்பெனி பேர்ல, லிஃப்ட்லயே நோட்டீஸ் ஒட்டிருக்காங்க. மாச வாடகைன்னா பிரச்சனை இல்ல, பக்கத்து யூனிட் ரஷ்யாக்காரர் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் ஒரே ஆளுக்கு விட்டுட்டு மீதி மாசம் பூட்டி வச்சிடறாரு, என்னைவிட அவருக்குக் கூட கிடைக்குது. நானும் அதுக்கு மாறலாம்னு லெட்டர் போட்டேன், ஆறு மாச நோட்டீஸ் வேணுமாம்.

வித்துடலாமேன்னு நிறைய பேர் கேக்கறாங்க. அஞ்சு வருஷத்துக்குள்ள வித்தா 3.3 சதவீதம் பிசினஸ் டாக்ஸ் தனியா கட்டணும், அதனால 2027 ஜூன் வரைக்கும் நான் ஓனர்தான். வாங்குற வேலைக்கு அஞ்சு ஸ்டார், வாடகை வேலைக்கு ஒண்ணரை, அதுல அரை செக்யூரிட்டிக்கு, எப்போ போனாலும் அந்த ஆளு மட்டும் சிரிச்ச முகமா பெட்டிய மேல தூக்கிட்டு வர்றாரு.