போனா, கணினியா, கடதாசியா?

மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "டீச்சர், ஒன்லைன் வாசிப்புச் சோதனைக்குப் பிள்ளையப் போனிலயே பழக்கட்டா, இல்லாட்டிக் கடதாசியில செய்ய விடட்டா?" வாசலில் நின்று ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. மூன்றாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டு வரையான பிள்ளைகளோடு மூன்று வழியையும் செய்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

இலங்கையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சை கடதாசியில்தான் நடக்கிறது: இரண்டு வினாத்தாள், 200 புள்ளி. ஆனால் 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிய கூகிள் போர்ம் மாதிரிச் சோதனைகள் அதன்பிறகு நிற்கவே இல்லை. இன்னொரு பக்கம், தகப்பன் இருக்கிற நாட்டுக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகளும் என் வகுப்பில் உண்டு. அவுஸ்திரேலியாவில் மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதும் நப்லான் என்ற நாடளாவிய சோதனையின் வாசிப்புப் பகுதி 2022இலிருந்து முழுக்கக் கணினியில். கனடாவின் ஒன்ராறியோவில் மூன்றாம், ஆறாம் தரச் சோதனைகளும் அப்படித்தான்.

முதலில் போன். அதன் பலம் சின்னதல்ல. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலையிலோ வெல்லாவெளியிலோ இருக்கும் பிள்ளை பஸ் பிடித்துப் பட்டணம் வரத் தேவையில்லை. செய்து முடித்ததும் புள்ளி தெரியும். ஆனால் அந்தப் படுவான்கரைப் பக்கம் சிக்னல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பத்து வினாவையும் செய்துவிட்டு, அனுப்பும் நேரத்தில் பக்கம் அப்படியே நின்றுபோய் அழுத பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். தகப்பன் வேலையால் வந்த பிறகுதான் போன் கைக்குக் கிடைக்கும் வீடுகளில், சோதனை நித்திரைக் கண்ணோடு நடக்கும்.

இதெல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி போனில் பத்துக்கு மூன்று எடுத்தாள். அடுத்த நாள் அதே வாசிப்புப் பகுதியைக் கடதாசியில் கொடுத்தேன், எட்டு. இரண்டாம் தடவை வாசித்ததால் கூடியிருக்கலாம் என்று, புதிய பகுதி ஒன்றைப் போனில் திறந்து கொடுத்துப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். திரையில் தெரிந்த இரண்டு பந்தியை வாசித்தாள். உடனே வினாவுக்குப் போகப் பார்த்தாள். நான் விரலால் மேலே தள்ளிக் காட்டியதும் கண்ணை விரித்து, "கீழயும் இருக்கா டீச்சர்?" என்றாள். வாசிக்கத் தெரியாத பிள்ளை என்று அந்த மூன்று புள்ளி சொன்னது. உண்மையில் அவளுக்குத் தெரியாமல் இருந்தது திரையை இழுப்பது மட்டும்தான். வீட்டில் யாரும் பக்கத்தில் இருந்து பார்க்காவிட்டால் இந்த வித்தியாசம் கடைசிவரை தெரியவராது.

பள்ளிக் கணினி அறை இதற்கு எவ்வளவோ மேல். பெரிய திரையில் பகுதியையும் வினாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மவுஸ் பிடிப்பது, அடிவரை போவது, விட்ட வினாவுக்குத் திரும்பி வருவது எல்லாம் சில நாட்களில் பழகிவிடும். என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒரு சின்னப் பழக்கம்: வாசிக்கத் தொடங்கும் முன் அடிவரை இழுத்து, எத்தனை பந்தி என்று எண்ணிச் சொல்ல வேண்டும். நப்லான் எழுதப் போகும் பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையில் பிள்ளை முதலில் செய்வதைப் பொறுத்து அடுத்த வினாத்தொகுதி கடினமாகவோ இலகுவாகவோ வரும். கடினமான வினா வந்தால், நன்றாகச் செய்ததால்தான் வருகிறது. இது தெரியாத பிள்ளை பயந்து கையை எடுத்துவிடும். நப்லானின் மாதிரிச் சோதனை இணையத்தளம் யாருக்கும் திறந்தே இருக்கிறது; ஆங்கிலப் பகுதிகள்தான், ஆனாலும் முறை பிடிபடும். கணினி அறையின் குறை, பிள்ளைகள் அதிகம், இயந்திரம் குறைவு என்பது. முறை வைத்தால் கிழமைக்கு ஒரு தடவை கிடைத்தாலே பெரிய காரியம்.

இனிக் கடதாசி. பழைய முறை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2000க்கும் 2017க்கும் இடையில் வந்த 54 ஆய்வுகளை, 1,71,000க்கும் மேற்பட்டவர்களின் வாசிப்பை, ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு மதிப்பீடு 2018இல் வெளிவந்தது. திரையைவிடக் கடதாசியில் வாசித்தபோது கூடுதலாக விளங்கியது. நேரக் கட்டுப்பாடு வந்தால் அந்த இடைவெளி இன்னும் பெருகியது. கதையை மட்டும் வாசித்தபோது வித்தியாசம் இல்லை. தகவல் பகுதிகளில்தான் கடதாசி முந்தியது. சோதனை என்றாலே நேரமும் தகவல் பகுதியும்தானே.

அப்புறம், எதைப் பழக்குகிறோம் என்பதும் இருக்கிறது. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்காக 2001இலிருந்து ஐந்தாண்டுக்கு ஒரு தடவை பல நாடுகளில் நடக்கும் பேர்ல்ஸ் வாசிப்புச் சோதனையில், பகுதியில் உள்ளதை அப்படியே தேடி எடுக்கும் வினாக்களுக்கு 20 வீதம்தான். நேரடியாக ஊகிப்பதற்கு 30, பல இடங்களைச் சேர்த்து விளங்குவதற்கு 30, மதிப்பிடுவதற்கு 20. எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்குகளைத் திறந்து பாருங்கள். என் கண்ணில் பட்டவை பெரும்பாலும் அந்த முதல் வகைதான்.

ஒரு உதாரணம். "அப்பா வலையைப் பாதியில் இழுத்தார். வானத்தை ஒருமுறை பார்த்தார். தோணியைக் கரைக்குத் திருப்பினார்." ஏன் திருப்பினார்? மழை என்ற சொல் எங்கும் இல்லை. போனில் பழகிய பிள்ளை அந்தச் சொல்லைத் தேடி மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருக்கும். கடதாசியில் "வானத்தை" என்பதன் கீழ் பென்சிலால் கோடு போட வைத்து, "உங்கட அப்பா எப்ப மகள் அப்படிப் பார்ப்பார்?" என்று கேட்டால் போதும். "காத்து மாறினா டீச்சர்" என்று வாவிக்கரைப் பிள்ளை கேட்ட கையோடு சொல்லிவிடும். பிறகு அடுத்த பிள்ளை மறுத்துப் பேசும், "இல்ல டீச்சர், இருட்டிற்று" என்று. எது சரி என்று பகுதிக்குள்ளேயே திரும்பிப் போய்ப் பார்க்கச் சொல்வேன். ஒரு பகுதிக்கு முக்கால் மணித்தியாலம் போகும். போகட்டும்.

கடதாசிக்குச் செலவு உண்டு. கிழமைக்கு மூன்று பகுதி என்றால் போட்டோக் கொப்பிக் காசு சில வீடுகளுக்குப் பாரம்தான். கரும்பலகையில் எழுதிக் கொப்பியில் எழுதவைத்தும் செய்திருக்கிறேன். மெதுவாகப் போகும், ஆனால் எழுதும்போதே பாதி விளங்கிவிடும்.

ஆகவே, வாசிப்பைக் கடதாசியில் பழக்குங்கள். சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போது பெரிய திரையில் உட்கார வையுங்கள். திரையைப் பழகுவது சில நாள் வேலை. வாசிப்பு ஆண்டுக்கணக்கான வேலை. போனை மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை அளந்து பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால். போனைத் தவிர வேறு வழியில்லாத வீட்டுக்கு நான் சொல்வது இதுதான்: பகுதியைக் கொப்பியில் எழுதிக் கொடுங்கள், வினாக்களை மட்டும் போனில் செய்யட்டும். பிள்ளை ஒரு கையால் வரியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விடையைத் தொடும்.