ரிட்டர்ன் கிஃப்ட் பெட்டிக்கு வீட்டு மிட்டாய்: எது தாங்கும், எது கசியும்

பிறந்தநாளோ வளைகாப்போ காதுகுத்தோ, வந்தவர்கள் கையில் கொடுக்கும் பெட்டி விசேஷத்துக்கு முந்தின நாளே கட்டப்படுகிறது. மண்டபத்தில் அரை நாள் கிடக்கிறது, கார் டிக்கியில் ஒரு மணி நேரம் வேகிறது, மறுநாள்தான் பிரிக்கப்படுகிறது. அந்த இரண்டு நாளைத் தாங்குமா என்று பார்த்துத்தான் இங்கே ஒவ்வொரு மிட்டாயையும் எடைபோட்டிருக்கிறோம். ருசி அடுத்த கேள்வி.

முதலிடம் கடலை மிட்டாய்க்கே. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிச் சரக்கு அளவுக்கு வீட்டில் வராது, ஆனால் பெட்டிக்குப் போதுமான அளவு நன்றாகவே வரும். அரைக் கிலோ வேர்க்கடலைக்கு 350 கிராம் பாகு வெல்லம். கடலையைச் சிறுதீயில் வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைத்துக்கொள்ள வேண்டும். முழுக்கடலை போட்டால் துண்டு போடும்போது ஓரம் உதிரும். வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பிறகே பாகு வைக்கவும்.

எல்லாம் பாகில்தான் இருக்கிறது. ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்தால், வளையாமல் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். உருட்ட வருகிறதே என்று அவசரப்பட்டு இறக்கினால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் பல்லில் ஒட்டும், தாளோடு சேர்ந்து வரும். பாகில் தண்ணீர் மிச்சம் இருப்பதுதான் காரணம். அரை நிமிடம் கூடிப்போனால் கசப்பு தட்டும், அதற்கு மாற்று கிடையாது. பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய பலகையில் பரப்பி, பூரிக்கட்டையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் கத்தியால் கோடு போட்டுவிட வேண்டும். ஆறின பிறகு வெட்டினால் கண்டபடி உடையும். 15 கிராம் துண்டாகப் போட்டால் சேதாரம் போக 50 துண்டு தேறும். மேலே வண்ணத் தேங்காய்ப் பூ தூவும் ஆசை பெட்டிக்கு வேண்டாம்.

இரண்டாவது கமர்கட். இரண்டு கப் தேங்காய்த் துருவலுக்கு ஒரு கப் வெல்லம். இதில் பாகுப் பதம் இன்னும் கடுமை: தண்ணீரில் விட்டு உருட்டிய உருண்டையைத் தட்டில் போட்டால் ‘ணங்’கென்று கல் விழுந்த ஓசை கேட்க வேண்டும். மிட்டாய்க்காரர்கள் தேங்காயை ஈரமில்லாமல் வதக்கிக்கொண்டு பாகில் சேர்ப்பார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் நல்லது, சீக்கிரம் சிக்கு வாடை வராது. உருட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும், ஏனென்றால் ஐந்து நிமிடத்தில் கலவை இறுகிவிடும். வாணலியைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக்கொண்டால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். பெரியவர்கள் இதைப் பார்த்ததும் பெட்டியை அங்கேயே பிரிப்பார்கள்.

தேங்காய் பர்பியைப் பற்றிக் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டும். தட்டில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் வெளியில் இரண்டு நாள்தான், அதுவும் வெயில் காலத்தில் ஒன்றரை. அதைவிட மோசம், தன் ஈரத்தைப் பக்கத்து மிட்டாய்க்குக் கொடுப்பது. பர்பியையும் கடலை மிட்டாயையும் ஒரே பெட்டியில் வைத்தால் காலையில் மொறுமொறுப்பாக இருந்தது மாலைக்குள் நமத்துப்போகும். பர்பி வேண்டுமென்றால் பர்பி மட்டும், அதுவும் அன்று காலை செய்தது.

தேன் மிட்டாய் பெட்டிக்கு வரவே வேண்டாம். ஜீராவில் ஊறியது, அட்டையை ஊறவைத்துத்தான் அடங்கும்.

ஹோம்மேட் சாக்லேட் என்றால் ஊட்டி, கொடைக்கானல் கடைகள் நினைவுக்கு வரும். அந்தக் குளிரில் அது சரி. சமவெளியில் மே மாதக் காருக்குள் வைத்தால் பெட்டி திறக்கும்போது கூழ்தான். கடையில் கட்டியாகக் கிடைக்கும் காம்பவுண்ட் சாக்லேட் சிலாப்பில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு இருக்கிறது, அதனால் அளவாகச் சூடாக்கி ஆற்றிப் பதம் பார்க்கும் ‘டெம்பரிங்’ வேலை இல்லாமல் உருக்கி அச்சில் ஊற்றிவிடலாம். சிக்கல் தண்ணீரில்: உருக்கும் பாத்திரத்தில் ஒரு சொட்டு ஆவி இறங்கினாலும் கலவை மணல் போலத் திரிந்துவிடும், அதை மீட்க முடியாது. 400 கிராம் சிலாப்பில் 10 கிராம் அச்சுக்கு 40 சாக்லேட். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேராகப் பெட்டியில் வைத்தால் வியர்த்து, காய்ந்ததும் வெள்ளைப் பூத்துப் போகும். மண்டபமும் ஏ.சி., மாதமும் டிசம்பர் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

எள்ளுருண்டை கடலை மிட்டாய்க்குச் சமமாகத் தாங்கும். ஆனால் சுப காரியத்துக்கு எள் கொடுக்க மாட்டோம் என்ற வீடுகள் உண்டு, கேட்டுக்கொண்டு செய்யவும். இஞ்சி மரப்பாவைப் பிள்ளைகள் ஒதுக்கிவிடும்.

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் வரும் விசேஷத்தில் கடலைத் துண்டும் கமர்கட்டும் அவர்கள் பெட்டியில் இருக்கக் கூடாது. தொண்டையில் சிக்கும் பண்டம் இரண்டும். அவர்களுக்கு மாலாடு: ஒரு கப் பொட்டுக்கடலை மாவு, முக்கால் கப் பொடித்த சர்க்கரை, உருக்கிய நெய் கால் கப்புக்குக் கொஞ்சம் மேல். தண்ணீரே சேராததால் இரண்டு வாரம் கெடாது. உதிரும் என்பதுதான் குறை. சின்னக் காகிதக் கிண்ணத்தில் ஒன்று ஒன்றாக வைத்தால் தப்பிக்கும்.

பெட்டி கட்டும்போது நடக்கும் பெரிய தவறு அவசரம். இளஞ்சூட்டோடு மூடினால் உள்ளே ஆவி படிந்து மிட்டாய் பிசுபிசுக்கும். குறைந்தது இரண்டு மணி நேரம் மூடாமல் ஆறவிடுங்கள், மழை நாளில் காற்றின் ஈரம் ஏறும் என்பதால் ஆறியதுமே டப்பாவில் அடையுங்கள். ஒவ்வொரு துண்டையும் பட்டர் பேப்பரில் சுற்றி, அதன்மேல் செல்லோஃபேன் முறுக்கினால் போதும். பெட்டியின் அடியிலும் ஒரு பட்டர் பேப்பர் வையுங்கள், இல்லாவிட்டால் நெய்க்கறை வெளியே தெரியும். மூன்று அங்குலச் சதுரப் பெட்டியில் நாலு துண்டு அழகாக அமரும். ஆறு திணித்தால் அடியில் உள்ளது நொறுங்கும்.

வீட்டிலிருந்து செய்து விற்பவர்களிடம் வாங்கினால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணையும் செய்யும் தேதியையும் முதலில் கேளுங்கள். பளீர் ரோஸ் நிறத்தில் எது வந்தாலும் என்ன சாயம் என்று கேட்கலாம். ரோடமைன்-பி என்ற துணிச் சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. மாதிரிக்கு வாங்கியதில் ஒன்றை உடனே ருசி பாருங்கள், இன்னொன்றைத் தட்டில் திறந்தபடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் விரலில் ஒட்டினால் அவரிடம் பாகுப் பதம் சரியில்லை, வேறு ஆளைப் பார்க்கலாம்.

மூடியின் உள்பக்கம் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுங்கள்: ‘வேர்க்கடலை, நெய், வெல்லம் சேர்ந்தது’ என்றும், செய்த தேதியும். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் அம்மா பெட்டியைத் திறந்ததும் தேடுவது அதைத்தான்.