செல்ஃப் எடுக்காத காரில் கோளாறைக் கண்டறிய எது சிறந்தது: டெஸ்ட் லாம்ப், மல்டிமீட்டர், ஸ்கேனர்?

சாவியைத் திருப்பியும் கார் கிளம்பாத நிலை இரண்டு வகைப்படும். செல்ஃப் மோட்டார் என்ஜினை வழக்கமான வேகத்தில் சுழற்றியும் என்ஜின் பற்றிக்கொள்ளாதது ஒரு வகை. செல்ஃப் எடுக்கவே எடுக்காமல், அல்லது 'டிக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு, நின்றுவிடுவது மற்றொரு வகை. எந்தக் கருவி சிறந்தது என்ற கேள்விக்கு இந்தப் பிரிவைச் செய்த பிறகே விடை சொல்ல முடியும்.

காரின் கணினியில் பதிவான பிழைக்குறிகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனரின் இடம் முதல் வகையில்தான். என்ஜின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாரின் சிக்னல் வராவிட்டால் பி0335 போன்ற பிழைக்குறியை அது காட்டும். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை ஏற்காததையும் பல கார்களில் தெரிவிக்கும். ஆனால் பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளிலோ, என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையிலோ சென்சார் எதுவும் இல்லாததால், அங்கே உள்ள பழுது ஸ்கேனரின் கண்ணுக்கு நேரடியாகப் படாது. மேலும், வோல்டேஜ் தாழ்ந்த நிலையில் கண்ட்ரோல் யூனிட்டுகள் (காரின் கணினிகள்) ஒன்றோடொன்று தொடர்பை இழந்து வரிசையாகப் பிழைக்குறிகளைப் பதிவு செய்வதுண்டு. பேட்டரியைச் சரிபார்க்காமல் அந்தக் குறிகளை நம்பி விலை உயர்ந்த யூனிட்டை மாற்றச் சொல்வது உரிமையாளருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாம் வகையில் போட்டி டெஸ்ட் லாம்ப்புக்கும் மல்டிமீட்டருக்கும் இடையேதான். வயரில் மின்சாரம் வருகிறதா என்று எரிந்து காட்டும் டெஸ்ட் லாம்ப்பை வெறும் பல்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. வோல்ட், ஓம் ஆகியவற்றை எண்ணில் காட்டும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஏறக்குறைய கரண்டே எடுக்காமல் அளப்பதால், ஓர் இழை மட்டும் மிஞ்சியிருக்கும் வயரிலும் 12 வோல்ட் என்று காட்டிவிடும். பல்போ எரிவதற்குக் கரண்ட் எடுத்தாக வேண்டும். ஆகவே வழியில் தடை அதிகமாக இருந்தால் அது மங்கும் அல்லது எரியாது. ஃபியூஸ், ரிலே, சாவியைத் திருப்பும்போது சொலினாய்டின் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் சுவிட்ச்) சிறிய முனைக்கு (பல கார்களில் 50 என்று குறிக்கப்பட்டிருக்கும்) சிக்னல் வருகிறதா என்பது போன்றவற்றை விரைந்து பார்க்க இதுவே என் முதல் தேர்வு. ஏர்பேக் வயரிங்கிலும் கண்ட்ரோல் யூனிட் இணைப்புகளிலும் மட்டும் பல்பு வைத்த லாம்ப்பை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது.

எனினும் 12.6 வோல்ட்டுக்கும் 11.9 வோல்ட்டுக்கும் உள்ள வேறுபாட்டை லாம்ப் சொல்லாது. பேட்டரியைப் பொறுத்தவரை அந்த வேறுபாடுதான் முழு சார்ஜுக்கும் காலியாவதற்கும் இடைப்பட்ட தூரம். அங்கே மீட்டர் வேண்டும். அதிலும் எந்த முறையில் அளக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. பலர் கேபிளைக் கழற்றி, ஓம் நிலையில் வைத்து, 'பீப்' சத்தம் கேட்டதும் கேபிள் நன்றாக உள்ளது என்று முடிவு செய்கிறார்கள். சிறிய கணக்கு ஒன்று இதன் பிழையை விளக்கும்: செல்ஃப் 150 ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால், வெறும் 0.01 ஓம் தடையே 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். சாதாரண மீட்டரின் சொந்த வயர்களிலேயே அதைவிட அதிகத் தடை இருக்கும்போது, இவ்வளவு நுண்ணிய தடையை அது எப்படிக் காட்டும்?

ஆகவே எதையும் கழற்றாமல், கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்டேஜ் இழப்பை அளப்பதுதான் சரியான முறை. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். முதலில் பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே பார்க்க வேண்டும். மிதமான வெப்பநிலையில் செல்ஃப் சுழலும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரிமீதே சந்தேகம் விழுகிறது, அதைச் சார்ஜ் செய்து மீண்டும் சோதிக்க வேண்டும். அது நிலையாக நின்றால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையான போஸ்டின் ஈயத்தின் மேலும் (அதைக் கவ்வியிருக்கும் கேபிள் கிளாம்பின் மேல் அல்ல) மறுமுனையை என்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வைக்க வேண்டும். 0.2, 0.3 வோல்ட் வரை பொறுக்கலாம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் பழுது எர்த் பாதையில்தான். பிறகு ஒரு முனையைப் போஸ்டிலும் மற்றொன்றை அதைச் சுற்றியுள்ள கிளாம்பிலும் வைத்தால், வெள்ளைப் பூச்சு படிந்த அந்தச் சிறு இடைவெளியே இழப்பு முழுவதற்கும் காரணமாக இருப்பது பல நேரம் தெரியவரும். பாசிட்டிவ் பக்கத்தையும் இவ்வாறே செல்ஃப் வரை அளக்கலாம். அங்கே அரை வோல்ட்டை வரம்பாகக் கொள்வது வழக்கம்.

இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டுக் கிளம்பினால் பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டும் வழக்கத்தையும் இங்கே ஒப்பிட வேண்டும். பாதுகாப்புக்காக நெகட்டிவ் கேபிளை என்ஜின் உலோகத்தில் மாட்டும்போது, பழுதான எர்த் பட்டையைத் தவிர்த்து கரண்டுக்குப் புதிய பாதை கிடைத்துவிடுகிறது. அதனால்தான் புது பேட்டரி வாங்கிய பிறகும் சில கார்களில் அதே 'டிக்' சத்தம் கேட்கிறது.

செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முடிவு கடைசியாகவே வர வேண்டும்: பேட்டரி தாங்குகிறது, இரு பக்க இழப்பும் வரம்புக்குள் உள்ளது, சொலினாய்டின் சிறிய முனைக்கும் சாவியைத் திருப்பும்போது முழு வோல்டேஜ் வருகிறது, என்ஜினும் கையால் சுழற்றினால் இறுக்கமின்றிச் சுழல்கிறது; அப்போதும் செல்ஃப் எடுக்கவில்லையென்றால் பழுது மோட்டாரிலோ சொலினாய்டிலோதான் இருக்கிறது.